ஆச்சா மரத்தைத் தின்றவை

சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்திருந்த வேலை சளி பார்ப்பது. காலையில் மூடி போட்ட கிண்ணங்கள் வரிசையாக வந்துவிடும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் துண்டில் பூசி, தீயில் காட்டி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பின் அடியில் வைப்பேன். சிவப்பாக மெல்லிய குச்சிகள் தெரிந்தால் பதிவேட்டில் 'உண்டு' என்று எழுத வேண்டும். தெரியாவிட்டால் 'இல்லை'. அந்தக் காலத்தில் க்ஷயரோகத்துக்கு மருந்து கிடையாது. நான் 'உண்டு' என்று எழுதியவர்களில் பாதிப் பேர் இரண்டு வருஷம் தாண்டுவதில்லை. எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறவர்களிலேயே மூன்று பேருடைய முடிவு அவர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்திருந்தது. பிரசங்கத்தின் நடுவே அவர்கள் இருமும்போது நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நர்சுகள் தங்கும் கட்டடத்தில் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். நைனாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு எனக்கு இருந்தது ஒரே அண்ணன். என்னைச் சென்னையில் ஆய்வுக்கூடப் படிப்புக்கு அனுப்பியதும் அவர்தான். அண்ணன் திருப்பதியில் மர வியாபாரம் செய்தார். காட்டிலாகா ஏலத்தில் மலைச்சரிவுகளை எடுத்து மரம் வெட்டி, ரயிலடிக்குப் பக்கத்தில் டிப்போ வைத்து விற்றார்.

அண்ணனுக்கு ஆச்சா மரத்தின்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. கோடாலி வாயை மழுங்க அடிக்கிற மரம் அது. உள்வயிரம் காய்ந்த ரத்தத்தின் நிறத்தில் இருக்கும். தண்ணீரில் போட்டால் கல் மாதிரி அடியில் போய்விடும். வீட்டுத் தூணாக நட்டால் கரையான் கிட்டேயே வராது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அண்ணனுக்குச் சாப்பாடு ஆறுவது தெரியாது.

பழவேற்காடு ஏரிக்கரையில் உப்பளம் வைத்திருந்த ஒருவருக்கு, உப்பு மூட்டைகளைப் படகில் ஏற்ற, தண்ணீருக்குள் தூண் நட்டு மேலே மேடை போட்ட ஒரு ஜெட்டி தேவைப்பட்டது. பழைய ஜெட்டி பனைமரத்தில் போட்டது. ஏரித் தண்ணீரில் கப்பல்புழு உண்டு. அது தூண்களைத் துளைத்துத் தின்று ஒரே வருஷத்தில் ஜெட்டியைக் கீழே தள்ளிவிட்டது. அண்ணன் அவரிடம் போய் ஆச்சா மரத்தில் கட்டித் தருகிறேன் என்றார். உப்பளக்காரர் லேசில் நம்பவில்லை. மரத்தை முதலில் தண்ணீரில் போட்டுக் காட்டு என்று சொல்லிவிட்டார். ஐப்பசியில் சில ஆச்சாக் கட்டைகளைக் கயிற்றில் கட்டி ஏரிக்குள் தொங்கவிட்டார்கள். அதைச் செய்தவர் அண்ணனுடைய மேஸ்திரி.

மேஸ்திரிக்குப் பிச்சாட்டூர்ப் பக்கம் ஒரு கிராமம். கொஞ்சம் நிலமும் இருந்தது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். பேசும்போது மேல்துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசுகிற வழக்கம். மார்கழி கடைசியில் ஒரு கட்டையை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ரேணிகுண்டா வழியாக ரயில் மாறிச் சித்தூருக்கு என்னிடம் வந்தார். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று நான் கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது அண்ணன் உத்தரவு.

ஆஸ்பத்திரித் தச்சரை விட்டு நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். ஒரு துளைகூட இல்லை. நான் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

மேஸ்திரி அந்தக் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "அம்மா, எங்க ஊர் ஆரணியாத்துத் தண்ணி அந்த ஏரிலதான் போய் வுழுவுது. மழக்காலத்துல ஏரித் தண்ணிய வாயில ஊத்துனா உப்பே தெரியாது. பங்குனியிலதான் கரிக்கும், உப்புத் தண்ணிலதான் புழு வரும். அப்போ ஒரு தபா போட்டுப் பாக்கணும்னு அண்ணங்கிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

நான் தலையாட்டினேன். அண்ணனுக்கு எழுதவும் செய்தேன். கடிதத்தின் கடைசியில், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதற்கு முன்னால், ஒரு வரி. அண்ணன் அதைப் படித்தாரோ இல்லையோ, தை மாதத்திலேயே தூண் நட ஆரம்பித்துவிட்டார். சித்திரைக்குள் ஜெட்டி எழுந்தது. மிச்சமிருந்த கட்டைகளை மட்டும் மேஸ்திரி அவிழ்க்காமல் தண்ணீரிலேயே தொங்கவிட்டிருந்தார்.

ஆவணியில் அவற்றில் ஒன்றைக் கொண்டுவந்தார். இந்தத் தடவை ஒரு பானை ஏரித் தண்ணீருக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை. குண்டூசி முனை அளவுக்குச் சில பொட்டுகள். தச்சர் ரம்பத்தை வைத்ததும் சத்தமே வேறாக இருந்தது. பிளந்தபோது உள்ளே பாதி மரம் இல்லை. விரல் தடிமனில் சுண்ணாம்பு பூசின குழாய்கள், ஒன்றோடொன்று இடிக்காமல் வளைந்து வளைந்து போயிருந்தன. ஒவ்வொரு குழாயிலும் வெள்ளையாக, வழவழப்பாக ஒரு புழு இருந்தது.

"தூணுங்களும் இப்பிடித்தான் இருக்கும்மா" என்றார் மேஸ்திரி. தச்சர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணங்கிட்ட நான் சொன்னா அதட்டுவாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

நான் அன்றைக்கே எழுதினேன். அண்ணன் மறு வாரம் வந்தார். பிளந்த கட்டையைக் கையில் வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் ஒரு குழாயை அழுத்தினார், அது நொறுங்கியது.

"மழ வருது இப்போ. தண்ணிக்குள்ள எறங்கி ஒண்ணும் செய்ய முடியாது. தை பொறக்கட்டும், ஒவ்வொரு தூணா மாத்திடுறேன்" என்றார். "அதுவரைக்கும் இது உன்னோட இருக்கட்டும்மா. வெளிய தெரிஞ்சா என் பேரு போயிடும்."

சரி என்றேன். அண்ணன் கேட்டதற்காக மட்டும் சரி சொன்னேன் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருக்கலாம். அது உண்மையில்லை. பானையில் மிச்சமிருந்த கட்டையில் உயிரோடு புழுக்கள் இருந்தன. எனக்கு அவை வேண்டியிருந்தன.

புழு என்று பெயர்தானே தவிர, அது சிப்பி இனம். தலைமாட்டில் சுண்டுவிரல் நகம் அளவில் இரண்டு ஓடுகள். அவற்றின் விளிம்பில் அரத்தைப் போல வரிவரியாகப் பற்கள். அதை வைத்துச் சுரண்டிச் சுரண்டி மரத்துக்குள் போகும். சுரண்டின தூளைத் தின்னும். நுழையும்போது கடுகைவிடச் சின்னது. உள்ளே போய் முழ நீளம் வளரும். நுழைந்த வாசல் மட்டும் பெரிதாவதே இல்லை. அதனால்தான் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு மரம் முழுசாகத் தெரிகிறது.

மரத்தூளை வைத்து ஒரு பிராணி எப்படி உயிர் வாழும் என்பதுதான் என்னை உறுத்தியது. அதைத் தின்றால் நமக்கு ஜீரணமாகாது. மாடுகூடத் தன் வயிற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிர்களின் தயவில்தான் வைக்கோலைச் செரிக்கிறது. கரையானின் குடலிலும் அப்படிச் சிற்றுயிர்கள் இருப்பதாக நான் படித்த காலத்திலேயே தெரிந்திருந்தது. ஆகவே சாயங்காலம் ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் புழுவின் குடலைக் கீறிப் பார்த்தேன். மரத்தூள் நிறைய இருந்தது. நுண்ணுயிர் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. நான்கு நாள் பார்த்தும் அதே கதைதான். ஐந்தாம் நாள் கத்தி வழுக்கி, உடம்பின் நீளத்துக்கு ஓடும் செவுள் கிழிந்துவிட்டது. தூக்கிப் போட மனமில்லாமல் அதையும் ஒரு கண்ணாடித் துண்டில் தேய்த்து நீலச் சாயம் ஏற்றினேன்.

கண்ணை வைத்தேன். செவுளின் அறைகளுக்குள் குச்சி குச்சியாகப் பாக்டீரியாக்கள். சந்தை நாளில் கூட்டம் நிற்கிற மாதிரி இடைவெளி இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு. இத்தனை பாக்டீரியாவை ஒரு மனித உடம்பில் நான் பார்த்திருந்தால் அந்த மனிதன் அந்த வாரமே இறந்திருப்பான். இந்தப் பிராணியோ கொழுத்து, கீறும்போதுகூடச் சுருங்கிச் சுருங்கி நெளிந்துகொண்டிருந்தது.

அவை அதைக் கொல்லவில்லை, அதற்குச் சோறு போடுகின்றன என்று எனக்கு அப்போதே தோன்றியது. செவுளில் குடியிருந்துகொண்டு மரத்தைச் செரிக்கிற சாறை அவை உண்டாக்கிக் கொடுக்கின்றன, அது குடலுக்குப் போகிறது. பதிலுக்குப் புழு அவற்றுக்கு வீடு கொடுக்கிறது. ஒன்று இல்லாமல் மற்றது இல்லை. இன்றைக்கு இது பாடப்புத்தகங்களில் இருக்கிறது. கிழவியான பிறகு ஒரு நாள் கல்லூரி நூலகத்தில் அதைப் படித்தேன். சந்தோஷம் வருமோ என்று கொஞ்சநேரம் காத்துப் பார்த்தேன், வரவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கு அப்படி இல்லை. எங்கள் அமெரிக்க டாக்டரம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர்கள் வேதாகமத்தை வைத்துத் தமிழ் கற்றவர்கள். குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "சகோதரியே, இவைகள் பிராணியினுள்ளே வாசம்பண்ணுகிறது மெய்தானா? மரணத்தின்பின் வந்து சேர்ந்த அழுகல் அல்லவே?" என்று கேட்டார்கள். சரியான கேள்வி. நான் அதே சோதனையை மறுபடி மறுபடி செய்தேன். கொதிக்க வைத்து ஆற்றிய உப்புத் தண்ணீரில் புழுவைக் கழுவினேன். மற்ற பாகங்களைத் தனித்தனியாகப் பார்த்தேன். வேறெங்கும் இல்லாமல் எப்போதும் செவுளிலேயே இருந்தன. கண்ணாடித் துண்டுகளைப் பஞ்சில் பொதிந்து, டாக்டரம்மாவின் கடிதத்தோடு, சென்னையில் ஒரு பேராசிரியருக்கு அனுப்பினோம்.

தையில் பதில் வந்தது. நாலு வரி. நீங்கள் பார்த்தது பிராணி இறந்தபின் உண்டான அழுகல் கிருமிகள். ஆஸ்பத்திரிப் பணியில் உங்களுக்கு இருக்கும் தேர்ச்சி பாராட்டத்தக்கது, அதைத் தொடர்ந்து செய்யுங்கள்.

அந்தக் கடைசி வரி என்னை இரண்டு வாரம் தூங்கவிடவில்லை. கைவசம் இருந்த புழுக்கள் எல்லாம் செத்திருந்தன. தொங்கவிட்ட கட்டைகளும் தீர்ந்துவிட்டன. தை பிறந்தும் அண்ணன் தூண்களை மாற்ற ஆரம்பிக்கவில்லை, எனக்கு அது தெரியும். மலையில் புதிதாக எடுத்த இடத்தில் வேலை மும்முரம் என்று எழுதியிருந்தார். நான் அவரை அவசரப்படுத்தவில்லை. தூண்களை மாற்றிவிட்டால் பழைய மரத்தைக் கரையேற்றி எரித்துவிடுவார்கள் என்ற நினைப்பும் உள்ளுக்குள் இருந்தது.

மாசி மாதத்தில் மேஸ்திரிக்கு ஒரு தபால் அட்டை எழுதினேன். உயிருள்ள புழு வேண்டும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஜெட்டியின் ஏதாவது ஒரு குறுக்குச் சட்டத்திலிருந்து ஒரு முழத் துண்டு அறுத்து, ஏரித் தண்ணீரோடு பானையில் போட்டுக் கொண்டுவரவும். ஆஸ்பத்திரி முத்திரையைக் குத்தித் தபாலில் சேர்த்தேன்.

குறுக்குச் சட்டம்தான் உளுத்துப்போன தூண்களை ஒன்றோடொன்று பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது என்பது தச்சு வேலை தெரிந்த யாருக்கும் தெரியும். நான் யாரையும் கேட்கவில்லை. தூணிலேயே அறுத்தால் ஆபத்து, சட்டம் என்றால் பாதகமில்லை என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அண்ணியிடமிருந்து கடிதம் வந்தது. ஜெட்டி சாய்ந்துவிட்டது. மேலே இருந்த உப்பு மூட்டைகளோடு மேடை அப்படியே கீழே வந்துவிட்டது. மேஸ்திரி அடியில் தண்ணீரில் நின்றிருந்தாராம். அன்றைக்குச் சாயங்காலம்தான் உடலை எடுத்தார்களாம். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை என்று எழுதி, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று முடித்திருந்தாள்.

நான் அன்று வந்திருந்த கிண்ணங்கள் அத்தனையையும் பார்த்து முடித்தேன். எதில் என்ன எழுதினேன் என்று நினைவில்லை. மறுநாள் எல்லாவற்றையும் திரும்பப் பார்த்துச் சரி செய்ய வேண்டியிருந்தது.

தாசில்தார் விசாரணை நடந்தது. எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. என்ன தீர்மானித்தார்கள் என்று அண்ணனிடம் கேட்டு எழுதினேன், பதில் இல்லை. பங்குனி நடுவில் ஒரு நாள், வெளிநோயாளிகள் உட்காரும் பெஞ்சில் ஒரு பெண் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள், சீட்டு வாங்கவில்லை, யாரைப் பார்க்கணும் என்றாலும் சொல்லவில்லை என்று நர்சு வந்து சொன்னாள். போய்ப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து என்னிடம் ஒரு அட்டையை நீட்டினாள்.

அது என் அட்டை. தண்ணீரில் ஊறிக் காய்ந்து விறைத்திருந்தது. மை முழுக்கக் கரைந்து நீலக் கறையாகிவிட்டது. ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாது. ஆஸ்பத்திரி முத்திரை மட்டும் எண்ணெய் மையில் குத்தினது, அதனால் அழியாமல் நின்றிருந்தது.

"இது அவுரு இடுப்புல வெத்தல பொயல பைக்குள்ள இருந்துச்சிம்மா. முத்திரயப் பாத்துட்டு, சித்தூரு ஆஸ்பத்திரின்னு தபாலாபீசுல சொன்னாங்கோ. வேற யாராண்டயும் காட்டல" என்றாள்.

"ஏன் காட்டல?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்கண்ணன் தாசில்தாராண்ட சொல்லிட்டாரு. மரத்த அறுத்துத் திருட்டுத்தனமா விக்கத்தான் எறங்குனான், அதான் ஜெட்டி வுழுந்துச்சின்னு. ஊர்ல எல்லாரும் அதத்தான் பேசிக்கினு கீறாங்கோ. எம்புள்ளைங்கள அப்பன் திருடன்னு கூப்புடுறாங்கோ. இந்தக் கடுதாசில அந்தத் திருட்டப் பத்தி எதுனா இருந்தா இன்னா பண்றதுன்னு பயம். யார் எழுதுனது, இன்னா எழுதுனாங்கோன்னு நீங்க சொல்லுங்கம்மா."

பெஞ்சில் அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை இருமிக்கொண்டிருந்தது. எழுத்து முழுவதும் போயிருந்தது. 'தெரியாதும்மா, மருந்து விஷயமாக யாரோ எழுதியிருப்பார்கள்' என்று நான் சொல்லியிருந்தால் அவள் நம்பிப் போயிருப்பாள். அந்த நினைப்பு வந்தது. வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.

"நான்தான் எழுதினேன்" என்றேன். "மரத்துக்குள்ள இருக்கிற புழு எனக்கு வேணும், சட்டத்துல ஒரு துண்டு அறுத்துக் கொண்டாங்கன்னு எழுதினேன். அவர் திருடல. நான் கேட்டதத்தான் செஞ்சார்."

எதற்குக் கேட்டேன் என்று அவளுக்குப் புரியவில்லை போலிருந்தது. "புழுவா?" என்றாள்.

"ஆமாம்."

"புழுவ வச்சிக்கினு இன்னா செய்வீங்கோ?"

கண்ணாடியில் பார்ப்பேன் என்றேன். அதற்குள் இன்னொரு சின்ன உயிர் இருக்கிறது என்றேன். அவள் நடுவில் கை காட்டி நிறுத்தினாள். அழவில்லை, திட்டவில்லை.

"எனக்கு அதெல்லாம் வாணாம். அவுரு திருடலன்னு எங்கூரு முன்சீப்பு முன்னாடி படிக்கற மாதிரி நீங்க எழுதிக் குடுத்துடுங்க. அது போதும்."

அவளைத் தங்கவைத்துச் சாப்பிடச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டாள். நான் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, தாசில்தார் முன் சொன்னால்தான் அது நிற்கும் என்று டாக்டரம்மா சொன்னார்கள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு முதலில் திருப்பதிக்குப் போனேன். அண்ணனிடம் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

மத்தியான வெயில். ரயிலடியில் மொட்டையடித்த யாத்திரிகர்கள் கூட்டம். டிப்போவில் அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எதற்கு வந்தேன் என்று புரிந்துவிட்டது போல. உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை.

"அந்தம்மா உன்னாண்ட வந்துச்சா?" என்றார்.

"வந்தாங்க. அவர் திருடினார்னு நீங்க சொன்னது பொய் அண்ணா."

"பொய்தான்." கணக்கு நோட்டை மூடித் தள்ளிவைத்தார். "அட்ட வந்த அன்னிக்கே அவன் என்னாண்ட வந்து கேட்டான். தங்கச்சியம்மா துண்டு கேக்குது, அறுக்கலாமா, மூட்டையெல்லாம் மேல கீதே, ஏத்தி முடிச்சப்பறம் அறுக்கவான்னு கேட்டான். நான் இன்னா சொன்னேன் தெரியுமா? பாப்பா கேட்டா உடனே குட்றா, சின்னத் துண்டுதானேன்னேன்."

பக்கத்திலிருந்த மரக்கட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"தாசில்தாராண்ட நான் நெசத்த சொன்னா உன் பேரும் வரும். ஆஸ்பத்திரில வேல போகும். உனக்குன்னு யாரு கீறாங்க? செத்தவன் செத்துட்டான், அவன் பேருல போட்டேன். எனக்கோசரம் மட்டும் போடலம்மா."

"நான் போய்ச் சொல்லப் போறேன்."

"போனா இந்த டிப்போ மூடிடும். உங்கண்ணிக்கு இதான் சோறு."

அண்ணி டிப்போவை ஒட்டிய வீட்டின் கதவருகில் வந்து நின்றிருந்தாள். அவள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் திரும்பிச் சித்தூருக்கே போயிருப்பேனோ என்னவோ. அவள் எனக்கு ஒரு லோட்டாவில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினேன். அண்ணன் கூப்பிடவில்லை.

பொன்னேரியில் தாசில்தார் கச்சேரியில் ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தேன். தாசில்தார் நல்ல மனிதர். நான் சொல்லச் சொல்லக் குமாஸ்தா எழுதிக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் பேனாவை நிறுத்தி, "அம்மா, இது உங்களுக்கே பாதகமா இருக்கே, எழுதட்டுமா?" என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். ஆவணியிலேயே மரம் உளுத்தது எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அண்ணன் மறைக்கச் சொன்னதையும், நான் மறைத்ததையும் சொன்னேன். மேஸ்திரி இரண்டு தடவை எச்சரித்ததைச் சொன்னபோது தாசில்தார் தலை நிமிர்ந்து பார்த்தார். அது மட்டும் அவருடைய முகத்தை மாற்றியது.

விபத்துக்குக் காரணம் மரம்தான், இறந்தவர்மேல் குற்றமில்லை என்று திருத்தி எழுதினார்கள். ஒரு நகல் பிச்சாட்டூர்ப் பக்கம் அந்தக் கிராமத்து முன்சீப்புக்குப் போனது. அதை ஊரைக் கூட்டிப் படித்துக் காட்டினார்கள் என்று அந்தப் பெண் யாரிடமோ சொல்லி அனுப்பினாள். அத்தோடு சரி. அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்க வரவில்லை. நான் ஒரு தடவை அந்த ஊருக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. கரும்பு வெட்டப் போயிருக்கிறாள் என்றார்கள். ஆற்றங்கரை வரை போய்ப் பார்த்துவிட்டு, காத்திருக்கத் தைரியமில்லாமல் திரும்பிவிட்டேன்.

என் வேலை போகவில்லை. டாக்டரம்மா மேலிடத்துக்கு எனக்காக எழுதினார்கள். சாராயத்தில் நான் செவுள்களைப் போட்டு வைத்திருந்த ஜாடிகளை என்ன செய்வது என்று கேட்டார்கள். கொட்டிவிடலாம் என்றேன். "நீ கண்டது மெய்யாயிருக்கக்கூடும்" என்றார்கள். இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குழி தோண்டி ஊற்றி மூடினேன்.

அண்ணனின் டிப்போ அந்த வருஷமே மூடிவிட்டது. கொஞ்ச காலம் வேறொருவர் டிப்போவில் மரத்துக்கு அளவு எழுதிக்கொண்டிருந்தார். நான் எழுதிய கடிதங்கள் திரும்பியும் வரவில்லை, பதிலும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு அண்ணி மட்டும் ஒரு வாழ்த்து எழுதுவாள், அண்ணனைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

ஏழெட்டு வருஷம் கழித்து, யுத்த காலத்தில், ரேணிகுண்டாவில் ரயில் மாறும்போது அவரைப் பார்த்தேன். பிளாட்பாரம் முழுக்கச் சிப்பாய்கள். என் தகரப் பெட்டியைத் தூக்க ஆள் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தேன். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கிழவர் வந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். அது அண்ணன் என்று தெரிய எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. ஐம்பது வயதுகூட ஆகவில்லை அவருக்கு.

இரண்டு பேருமாகப் பெட்டியை ஏற்றினோம். எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றார்.

"அண்ணா" என்றேன்.

"சாப்டியா?" என்றார்.

"சாப்ட்டேன்."

அவர் தலையாட்டினார். வேறு எதுவோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் எங்கள் நடுவே டீ விற்கிறவன் வந்தான், அவன் போனதும் ஊதல் கேட்டது. ரயில் நகரும் வரை கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். அந்த வருஷ மழைக்காலத்தில் அண்ணன் இறந்துபோனார். பாதையில் வெள்ளம் என்று தந்தி இரண்டு நாள் தாமதமாக வந்தது. நான் திருப்பதிக்குப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து, அண்ணி வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தாள்.